எண்ணும் உலோகமும் மணிமுடியும்: பிரித்தானியப் படைச்சீருடைப் பொத்தான்களின் காலக்கணிப்பு

முன்னுரை

இங்கிலாந்தின் வயல்வெளிகளில் உலோகம் கண்டறியும் கருவி கொண்டு தேடுவோர்க்கு அடிக்கடி கிடைக்கும் பொருள்களுள் பழைய படைச்சீருடைப் பொத்தானும் ஒன்று. முறையான அகழாய்வில் வெளிப்படும் பொருளுக்கு அது கிடந்த மண்ணடுக்கே காலச்சான்றாகும். பலமுறை உழுது புரட்டப்பெற்ற மேல்மண்ணில் கிடைக்கும் பொத்தானுக்கு அத்தகைய துணை இல்லை. அது தன் காலத்தைத் தானே உணர்த்த வேண்டியுள்ளது. அச்சான்று எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை 102 என்னும் எண் பொறித்த பொத்தானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணும் உலோகமும்

பிரித்தானியக் காலாட்படையினர் தத்தம் படைப்பிரிவின் எண்ணைப் பொத்தானில் பொறிக்க வேண்டும் என்னும் ஆணை 1767இல் பிறந்தது. எனவே எண் பொறித்த பொத்தானுக்கு அவ்வாண்டே மேல் எல்லை. கீழ் எல்லை அணிந்தவரின் தகுதிநிலைக்கேற்ப வேறுபடும். சாதாரண வீரர்க்கு 1871இல், அரச இலச்சினை பொறித்த பொதுப் பொத்தான், எண் பொத்தானின் இடத்தைப் பெற்றது. அதிகாரிகளிடம் எண் மேலும் பத்தாண்டுகள் நிலைத்தது. 1881ஆம் ஆண்டின் சீர்திருத்தம் படைப்பிரிவுகளின் எண்களை நீக்கி வட்டாரப் பெயர்களை வழங்கிற்று.

எண் மட்டும் படையை அடையாளம் காட்டிவிடும் எனக் கொள்வது பிழை. கலைக்கப்பட்ட படையின் எண் பின்னர் வேறொரு படைக்கு வழங்கப்படுவது வழக்கம். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நியூ சவுத் வேல்ஸ் படை 102ஆம் எண்ணைப் பெற்று, 1816இல் 100 என எண் மாற்றப்பெற்று, 1818இல் கலைக்கப்பட்டது. அதே எண் 1862இல் மதராஸ் பியூசிலியர்ஸ் படைக்கு வழங்கப்பட்டது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவான ஐரோப்பியர் படை இது. கம்பெனி ஆட்சி முடிவுற்றபின் அரசியின் படையில் இணைந்து, 1881இல் ராயல் டப்ளின் பியூசிலியர்ஸின் முதற் பட்டாளமாயிற்று. 18ஆம் நூற்றாண்டிலும் இவ்வெண்ணைச் சிறிது காலம் தாங்கிய படைகள் உண்டு. இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மட்டும் கொண்டு சோழ மன்னர் இன்னார் எனத் துணிய இயலாமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இச்சிக்கலைத் தீர்ப்பது உலோகம். சாதாரண வீரரின் பொத்தான்கள் 1855 வரை வெள்ளீயக் கலவையால் வார்க்கப்பட்டன. அதன்பின் பித்தளைக்கு மாறின. ஆகவே 102 பொறித்த வெள்ளீயப் பொத்தான் மதராஸ் பியூசிலியர்ஸ் வீரருடையதாக இருத்தல் இயலாது. பித்தளையாயின் 1862க்கும் 1871க்கும் இடைப்பட்ட ஒன்பதாண்டுகளுள் அடங்கும். பொன்முலாம் பூசிய அதிகாரியின் பொத்தானாயின் 1881 வரை நீளும். ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்: இவை ஆணைகளின் ஆண்டுகள். கிடங்கிலிருந்த பழைய சட்டைகள் ஆணை பிறந்த மறுநாளே மறைந்துவிடவில்லை.

பின்புறமும் மணிமுடியும்

19ஆம் நூற்றாண்டுப் பொத்தான்களின் பின்புறத்தில் செய்தவரின் பெயரும் முகவரியும் காணப்படும். லண்டன் பர்மின் நிறுவனத்தின் ஸ்ட்ராண்ட் தெரு முகவரி அவற்றுள் ஒன்று. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் மாறிய ஆண்டுகளை வணிகக் கையேடுகளோடு ஒப்பிட்டால் காலம் மேலும் சுருங்கும். எண் மறைந்தபின் வந்த பொத்தான்களுக்கு மணிமுடியின் வடிவம் உதவும். விக்டோரியா காலத்து முடியின் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும்; 1901இல் ஏழாம் எட்வர்ட் அரியணை ஏறியபின் வந்த முடியின் வளைவுகள் தாழாமல் உருண்டெழும்; இரண்டாம் எலிசபெத் காலத்தில் தாழ்ந்த வளைவு மீண்டும் வந்தது. தேய்ந்த பொத்தானில் இவ்விரு அரசியரின் முடிகளையும் மாறிக் கொள்ளும் பிழை நேர்வதுண்டு. மண்ணை நீக்கும் ஆர்வத்தில் அழுத்தித் தேய்ப்பதால் எஞ்சிய பொன்முலாமும் பின்புற எழுத்தும் அழிகின்றன. அதிகாரியா வீரரா என்னும் வினாவுக்கான விடை அம்முலாமில்தான் உள்ளது.

வயலும் கந்தல் உரமும்

இவ்வளவும் பொத்தானின் காலத்தையே கூறும். அது அவ்வயலுக்கு வந்த வழியைக் கூறா. படைப் பொத்தான் கிடைத்த இடத்தில் பாசறை இருந்தது என எழுதிவிடுவது எளிது. ஆனால் கம்பளிக் கந்தல் தழைச்சத்து மிக்க உரம். யார்க்‌ஷயரின் பேட்லி, டியூஸ்பரி ஊர்களில் பழங்கம்பளியை அரைத்து மீண்டும் நெய்யும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. அங்குக் கழிந்த கந்தலும் தூசும் வயல்களுக்கும் கென்ட் பகுதியின் ஹாப் கொடித் தோட்டங்களுக்கும் உரமாயின. பழஞ்சீருடைகளும் அக்கந்தலில் அடக்கம். ஆகவே ஒரே வயலில் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல படைகளின் பொத்தான்கள் சிதறிக் கிடப்பின், உரத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். ஒரே படையின் பொத்தான்கள் துப்பாக்கிக் குண்டுகளோடும் வார்ப்பூட்டுகளோடும் நெருங்கிக் கிடப்பின் பாசறை என்னும் கருத்து வலுப்பெறும்.

இவ்வேறுபாட்டைக் காண ஒவ்வொரு பொத்தானும் கிடைத்த இடம் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இத்தகைய தனிப் பொத்தான்களைப் பொதுவாகத் தீண்டுவதில்லை. தன்விருப்பப் பதிவுத் திட்டமும் 300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பொருள்களுக்கே முதன்மை தருகிறது. 1767க்குப் பிற்பட்ட எண் பொத்தான்கள் அனைத்தும் அவ்வெல்லைக்கு வெளியே நிற்பதால், அவற்றின் இடக்குறிப்பு பெரும்பாலும் கண்டெடுத்தவரின் கைக்குறிப்பேட்டையே நம்பியுள்ளது.