இரண்டு மூட்டை தூக்கும் எலெக்ட்ரான்

காலை 9 மணிக்குத் தாதர் ரெயில் நிலைய மேம்பாலத்தில் யாரும் தன் இஷ்டப்படி நடக்க முடியாது. கூட்டம் போகும் போக்கில்தான் போகவேண்டும். எலெக்ட்ரான்களின் கதையும் இதுதான்.

எலெக்ட்ரான்களின் ஓட்டமே மின்சாரம். அவற்றை மேலும் கீழும் நகர விடாமல் மிக மெல்லிய தளம் ஒன்றில் அடைத்து, கடுங்குளிரில் வைத்து, பலத்த காந்தப் புலத்தைச் செலுத்தினால் அதிசயங்கள் நடக்கின்றன.

மாறாத எடைக்கல்

1980-ல் ஜெர்மன் விஞ்ஞானி கிளாஸ் வான் கிளிட்சிங் இதைச் செய்து பார்த்தார். காந்த பலத்தைக் கூட்டியபோது, குறுக்குவாட்டு மின்தடை சரிவுபோல் ஏறாமல் படிக்கட்டுபோல் ஏறியது. 25,812.807 ஓம் என்பதை 1, 2, 3 என முழு எண்களால் வகுத்தால் அந்தப் படிகள் கிடைக்கும். எந்த ஊரில் அளந்தாலும் அதே எண்தான்! உலக நாடுகள் மின்தடையைச் சரிபார்க்கும் எடைக்கல் இன்று இதுவே. 1985-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1982-ல் அமெரிக்காவில் புதிய சிக்கல் முளைத்தது. முழு எண் இல்லாமல், மூன்றில் ஒன்று என்ற பின்னத்திலும் படி தெரிந்தது! அடுத்து ஐந்தில் இரண்டு, ஏழில் மூன்று என்று பின்னங்கள் வரிசை கட்டின.

ராஜஸ்தான் விஞ்ஞானி

வரிசையின் ரகசியத்தை 1989-ல் சொன்னவர் ஜைனேந்திர ஜெயின். ராஜஸ்தானின் சாம்பர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவயதில் விபத்தில் காலை இழந்து, 'ஜெய்ப்பூர் கால்' பொருத்திக்கொண்டு படித்தவர். கான்பூர் ஐ.ஐ.டி. மாணவர்.

காந்தப் புலத்தைச் சிறு மூட்டைகளாக எண்ணலாம். ஒவ்வொரு எலெக்ட்ரானும் இரண்டு மூட்டைகளைத் தூக்கிக்கொள்கிறது என்றார் ஜெயின். மூன்றில் ஒன்று என்றால், ஓர் எலெக்ட்ரானுக்கு மூன்று மூட்டை. இரண்டைத் தூக்கியபின் மிச்சம் ஒன்று. ஆக, பழைய முழு எண் கணக்கே திரும்பி வருகிறது!

ஓர் எலெக்ட்ரானுக்கு இரண்டே மூட்டை இருந்தால்? மிச்சம் எதுவும் இல்லை. காந்தமே இல்லாததுபோல் அவை ஓடவேண்டும். 1993-ல் சோதனைகள் அதையும் மெய்ப்பித்தன. 2025-ல் ஜெயினுக்கு வுல்ஃப் பரிசு அறிவிக்கப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கு

இத்துறை ஆராய்ச்சி கொலாபாவின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும், சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலும் நடக்கிறது. அங்கே உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கலாம். செம்பூரைத் தாண்டி மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், பள்ளி மாணவர்களுக்கு விஞ்ஞான ஒலிம்பியாட் பயிற்சி நடத்துகிறது. சாம்பரிலிருந்து ஒருவர் போன தூரத்தை, தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் போக முடியாதா என்ன?