நுண்ணிய தடயத்தைப் பற்றும் ஆப்டமர்கள்

நெஞ்சுவலியுடன் வருவோருக்குச் சில மணி நேரத்தில் மீண்டும் இரத்தம் எடுப்பது ஏன் எனக் குடும்பத்தார் வினவுவதுண்டு. மாரடைப்பில் சிதையும் இதயத்தசையிலிருந்து டிரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. தொடக்கத்தில் அதன் அளவு மிகக் குறைவு. நேரம் செல்லச் செல்லவே தெளிவாக உயரும். இவ்வாறு நோயைச் சுட்டும் பொருள்களை உயிர்க்குறிப்பான்கள் என்பர்.

இவற்றைக் கண்டறிய இன்று பெரும்பாலும் எதிர்ப்பொருள்களே பயன்படுகின்றன. அவற்றுக்குத் துணையாக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துவரும் கருவி ஆப்டமர். இது டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.வால் ஆன குறுகிய ஒற்றை இழை. தனி வடிவில் மடிந்து, தனக்குப் பொருந்தும் மூலக்கூறை இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஆப்டமர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. கோடிக்கணக்கான வெவ்வேறு இழைகளை இலக்குப் பொருளுடன் கலப்பர். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்குவர். ஒட்டியவற்றை நகலெடுத்து மீண்டும் கலப்பர். பல சுற்றுகளுக்குப் பின் நன்கு பொருந்தும் இழைகளே எஞ்சும்.

கொரோனாக் காலத்தில் நாம் அறிந்த பி.சி.ஆர். முறை டி.என்.ஏ.வைப் பன்மடங்கு பெருக்க வல்லது. புரதத்தை அவ்வாறு பெருக்க இயலாது. அதைப் பற்றிய டி.என்.ஏ. ஆப்டமரைப் பெருக்கலாம். 2002இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் இதற்கு வழிகாட்டினர். ஒரே புரதத்தை இரண்டு ஆப்டமர்கள் அருகருகே பற்றும்போது அவற்றின் நுனிகள் இணைக்கப்படுகின்றன. இணைந்த இழையே பெருக்கப்படுகிறது. இதனால் மிகச் சொற்பமான புரதமும் புலப்பட்டது.

எனினும், இரத்தத்திலுள்ள நொதிகள் இவ்விழைகளைச் சிதைக்கக்கூடும். பிற புரதங்களும் இடையூறு செய்யும். ஆகவே, தூய கரைசலில் வென்ற சோதனை நோயாளியின் இரத்தத்திலும் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

சோதனை எவ்வளவு நுட்பமானதாயினும் அதன் முடிவு மட்டுமே நோயறிதல் ஆகாது. சிறுநீரக நோயிலும் டிரோபோனின் உயரலாம். எனவே, அறிக்கையின் எண்ணைக் கண்டு கலங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்: ‘இது உயர வேறு காரணம் உண்டா? மறுபரிசோதனை எப்போது?’ முதல் முடிவு இயல்பாக இருந்தாலும், மருத்துவர் கூறும்வரை மருத்துவமனையை விட்டுச் செல்லாதீர்கள். இரண்டாம் முறை எடுக்கும் இரத்தமே உண்மையை உரைக்கக்கூடும்.