28 வெற்றி... ஆனாலும் இடமில்லை! - அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தின் விசித்திரக் கணக்கு

2024 மார்ச் மாதம். இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி 34 போட்டிகளில் 28-ல் ஜெயித்திருந்தது. விளையாட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடும் ராபி அவிலா சமூக வலைதளங்களில் ஸ்டார். ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பாரும் கண்ணாடியோடு ஆடியவர் என்பதால், இவருக்கு 'க்ரீம் அப்துல் ஜப்பார்' என்று பட்டப்பெயர் வேறு!

ஆனால், நாடே உட்கார்ந்து பார்க்கும் என்.சி.ஏ.ஏ தொடருக்கான 68 அணிகளில் இண்டியானா ஸ்டேட் இல்லை. ஏன்?

அங்கே முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது என்பதால், 30-க்கும் அதிகமான 'கான்ஃபரன்ஸ்'களாகப் பிரிந்திருக்கிறார்கள். மாநாடு இல்லைங்க, லீக்! ஒவ்வொரு லீக்கின் சாம்பியனுக்கும் நேரடி இடம். மிச்ச இடங்களை ஒரு கமிட்டி முடிவு செய்யும். எஸ்.இ.சி, பிக் டென் போன்ற பணக்கார லீக்குகளுக்கு அடுத்த வரிசையில் இருப்பவைதான் 'மிட்-மேஜர்'.

இண்டியானா ஸ்டேட் ஆடியது மிசௌரி வேலி என்ற மிட்-மேஜர் லீக்கில். அதன் இறுதிப்போட்டியில் டிரேக் அணியிடம் 80-84 எனத் தோற்றது. அவ்வளவுதான், டிரேக்குக்கு மட்டும் டிக்கெட். அதே ஆண்டு இன்னொரு மிட்-மேஜர் லீக்கான மவுன்டன் வெஸ்ட்டிலிருந்து 6 அணிகள் உள்ளே போயின!

இதற்குக் காரணம் 'நெட்' என்ற தரவரிசை. 2018-19 சீசனிலிருந்து கமிட்டியின் கையில் இருக்கும் முக்கியக் கருவி இது. சொந்த மைதானத்தில் முதல் 30 இடங்களில் இருக்கும் அணியை, பொது மைதானத்தில் முதல் 50-ல் இருப்பதை, எதிரியின் மைதானத்தில் முதல் 75-ல் இருப்பதை வீழ்த்தினால் அது முதல் தர வெற்றி. மவுன்டன் வெஸ்ட்டின் 6 நல்ல அணிகளும் தங்களுக்குள் மோதும்போதே இப்படிப்பட்ட வாய்ப்புகள் மாறி மாறிக் கிடைத்துவிடும். மிசௌரி வேலியில் அது இல்லை. ரஞ்சி டிராபியின் பிளேட் பிரிவில் சதமாக அடித்துத் தள்ளினாலும் தேர்வாளர்கள் யோசிப்பார்களே, அந்தக் கதைதான். இத்தனைக்கும் 'நெட்' பட்டியலில் இண்டியானா ஸ்டேட் முதல் 30-க்குள் இருந்தது!

'சரி, பெரிய அணிகளோடு ஆட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். பெரிய கல்லூரிகள் பலவீனமான அணிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைக்கும். நல்ல மிட்-மேஜர் அணியின் ஊருக்குப் போய்த் தோற்க அவற்றுக்கு என்ன தலையெழுத்தா?

அந்த 6 அணிகளில் சான் டியேகோ ஸ்டேட் மட்டுமே கடைசி 16 வரை போனது. அங்கே யூகானிடம் 30 புள்ளிகள் வித்தியாசத்தில் தோல்வி. 'இதுதான் உங்கள் பலமா?' என்று விமர்சகர்கள் கிளம்பினார்கள். ஆனால், முந்தைய ஆண்டு இதே சான் டியேகோ ஸ்டேட் இறுதிப்போட்டியிலேயே ஆடியது. 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி, கென்டக்கியையே சாய்த்தது. அதற்காக அதன் லீக்கை யாரும் பலமானது என்று சொல்லவில்லை. தோற்றால் வெளியே என்ற ஆட்டங்களை வைத்து ஒரு லீக்கை எடைபோடுவது சரியில்லை. நடுவில், கடைசியில் இருக்கும் அணிகள் எப்படி ஆடுகின்றன என்று பார்ப்பதே நியாயம். 1999-லிருந்து தவறாமல் தகுதிபெறும் கொன்ஸாகா இருந்தும், அதன் வெஸ்ட் கோஸ்ட் லீக் மவுன்டன் வெஸ்ட்டைப்போல 6 அணிகளை அனுப்பியதில்லை.

இதில் இன்னொரு சிக்கல், ஜெயிக்கிற அணி தன் லீக்கில் தங்காது. 2010, 2011 இறுதிப்போட்டிகளில் ஆடிய பட்லர், அடுத்த சில ஆண்டுகளில் ஹொரைசன் லீக்கைவிட்டுப் போனது. 2018-ல் அரையிறுதி வரை வந்த லயோலா சிகாகோ, பின்னர் மிசௌரி வேலியிலிருந்து விலகியது. கொன்ஸாகாவும் சான் டியேகோ ஸ்டேட்டும் 2026-ல் பேக்-12 லீக்குக்கு மாறுவதாக 2024-லேயே அறிவித்தன.

இண்டியானா ஸ்டேட்? இரண்டாம் கட்டத் தொடரான என்.ஐ.டி-யில் இறுதிப்போட்டி வரை சென்று, ஸீட்டன் ஹாலிடம் 77-79 எனத் தோற்றது. அதன் பிறகு பயிற்சியாளர் ஜோஷ் ஷெர்ட்ஸ், அட்லான்டிக் 10 லீக்கில் இருக்கும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ராபி அவிலாவும் அவரோடு கிளம்பிவிட்டார்.