சப்பானிய மொழியில் பணிவான வேண்டுகோள்

சப்பானிய மொழியில் ஒருவரிடம் ஒன்றைச் செய்யும்படி பணிவாகக் கேட்க, வினைச்சொல்லின் 'தெ' வடிவத்துடன் 'குதசாய்' என்னும் சொல் சேர்க்கப்படுகிறது. 'தெ' வடிவம் பெரும்பாலும் தமிழ் வினையெச்சத்தை ஒத்தது. 'குதசாய்' என்பதன் பொருள் 'தாருங்கள்'. எனவே 'யொந்தெ குதசாய்' என்பது சொல்லுக்குச் சொல் 'படித்துத் தாருங்கள்' ஆகும். வழக்கில் 'தயவுசெய்து படியுங்கள்' எனப் பொருள்படும்.

வினையின் வகையையும் ஈற்றையும் பொறுத்து 'தெ' வடிவம் மாறும்:

- தபெரு (உண்) – தபெ-தெ
- மத்சு (காத்திரு) – மத்தெ
- யொமு (படி) – யொந்தெ

செய்ய வேண்டாம் எனக் கேட்க, 'யொமனைதெ குதசாய்' (படிக்காதீர்கள்) என எதிர்மறை வடிவம் பயன்படும்.

'குதசாய்' பணிவான சொல்லாயினும் அது ஏவலே. ஆகவே ஆசிரியர், மேலதிகாரி போன்றோரிடம் 'யொந்தெ குதசாய்மசென் கா' (படித்துத் தர மாட்டீர்களா) என வினாவாகக் கேட்பது பொருத்தமானது. மறுப்பதற்கும் இடம் தருவதால் இதில் பணிவு கூடுகிறது.