கிண்டியில் போட்ட கணக்கு

திருப்பூர் அனுப்பர்பாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பித்தளைப் பாத்திரம் நினைவுக்கு வரும். இன்று பாத்திரப் பட்டறைகளோடு பனியன் கம்பெனிகளும் அங்கே சேர்ந்துகொண்டன. அங்கே தைக்கிற பருத்தித் துணி வழுவழுவென்று இருந்தால், அதில் ஒரு புரதத்தின் கைவரிசையும் இருக்கலாம். திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளில் இதற்கு ‘பயோ வாஷ்’ என்று பெயர். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் தண்ணீரை 55 டிகிரிவாக்கில் சூடாக்கி, கொஞ்சம் அமிலம் சேர்த்து, செல்லுலேஸ் என்ற என்சைமை விடுவார்கள். அதுதான் அந்தப் புரதம். துணிமேல் துருத்தி நிற்கும் பொடி இழைகளை என்சைம் அரித்து எடுத்துவிடும். வேலை முடிந்ததும் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி அதைக் ‘கொன்று’விட வேண்டும். இல்லையென்றால் துணியே நைந்துவிடும்.

சூட்டில் குலைவது என்சைமின் உருவம். உருவம் போனால் புரதத்துக்கு வேலையும் போயிற்று.

மருந்து தேடும் விஞ்ஞானிகளுக்கும் இந்த உருவம்தான் முதல் தேவை. எச்.ஐ.வி.யையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்த வைரஸ் பெருகுவதற்குப் புரோட்டியேஸ் என்ற என்சைம் வேண்டும். 1989-ல் அதன் அணு அமைப்பு வெளியானது. அதன் குழிவில் போய் அடைத்துக்கொள்ளும் சக்வினாவிர் என்ற மருந்துக்கு அமெரிக்கா 1995 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. ஆறே ஆண்டுகள், மருந்து உலகில் இது ஓட்டம்தான்.

ஆனால் ஆய்வகத்தில் வரைந்த உருவம் சரிதானா என்று எப்படித் தெரியும்? அதற்கான சோதனை நம் சென்னைக் கிண்டியில் பிறந்தது.

கோ.நா. ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் இயற்பியல் பயின்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது வயது முப்பதுகூட நிரம்பவில்லை. சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரனுக்கு அது போதும். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்ததும் வசதி. கங்காரு வால் தசைநாரைக்கூட எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார்கள். கொலாஜன் மூன்று சுருள் சங்கிலிகள் சேர்ந்தது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவும் அவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டார்கள். சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன, அப்படி இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். ராமச்சந்திரன் வேறு பக்கம் திரும்பினார்: அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? ஏற்கெனவே தெரிந்த படிகங்களையெல்லாம் அலசி, குறைந்தபட்ச இடைவெளிகளைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முக்கியமாக இரண்டு கோணங்களில் திரும்பும். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளாது என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து கணக்கிட்டார். கம்ப்யூட்டர் இல்லை, மேசைக் கணக்குப் பொறிதான். 1963-ல் வெளியான அந்த வரைபடத்தில் பெரும்பகுதி ‘கூடாத’ இடம். கூடுகிற இடங்கள் சில திட்டுகள் மட்டுமே.

கிரிக் கிளப்பிய ஆட்சேபம்தான் கொலாஜனைவிடப் பெரிய சாதனைக்கு வழிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ராமச்சந்திரன் ஒரு மருந்தும் செய்யவில்லை. எந்த மாத்திரை அட்டையிலும் அவர் பெயர் கிடையாது. பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். 2001-ல் சென்னையில் காலமானார்.

உலகப் புரதத் தகவல் வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. புதிதாக ஒரு புரதத்தைச் சேர்க்கும்போது வரும் தர அறிக்கையில் ராமச்சந்திரன் பெயரில் ஒரு வரி உண்டு: எத்தனை கண்ணிகள் ‘கூடாத’ இடத்தில் விழுந்திருக்கின்றன என்ற கணக்கு அது.