தேர்வு நடக்கும் வேளையில் ஓடிப் பழகுங்கள்

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்து மைதானங்களில் பொழுது விடியும் முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதில் ஓரிரு விநாடியில் வாய்ப்பைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. காலில் பலம் இல்லாததுதான் எப்போதும் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

உடம்பின் கடிகாரம்

நம் உடலின் வெப்பநிலை விடியற்காலையில் மிகவும் தாழ்ந்திருக்கும். மாலையில் உச்சத்துக்கு ஏறும். வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸ் அளவுகூட வராது. ஆனாலும் தசை இளகிச் சூடாக இருக்கும் மாலையில் வேகமும் விசையும் சற்றுக் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காலையில் வரும் இந்த மந்தத்துக்கு மாற்று உண்டு. துனிசிய ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்குக் காலையிலும் இன்னொரு குழுவுக்கு மாலையிலும் மட்டுமே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் பழகியவர்களிடம் காலை மந்தம் பெருமளவு குறைந்துவிட்டது. உடல்தகுதித் தேர்வு தொடங்குவது காலையில். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் மட்டும் ஓடுகிறவர்கள், கடைசிச் சில வாரங்களையாவது காலைக்கு மாற்றிக்கொள்வது அவசியம். மார்கழிக் குளிரில் வார்ம்-அப்பைப் பத்து நிமிடம் கூடுதலாகவே செய்யலாம்.

பாட்டு எதுவரை உதவும்?

1998இல் பர்மிங்காமில் எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசெலாசி, அரங்கில் ஒலித்த ‘ஸ்கேட்மேன்’ பாட்டின் தாளத்துக்கு ஓடி உள்ளரங்க 2,000 மீட்டரில் உலகச் சாதனை படைத்தார். மிதமான வேகத்தில் ஓடும்போது இசை களைப்பை மறக்கடிக்கும். மூச்சு முட்டும் வேகத்தில் அதன் பலன் குறைந்துவிடும். தவிர, தேர்வில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட முடியாது. எனவே பாட்டு வார்ம்-அப்போடு நிற்கட்டும். வேக ஓட்டத்தைப் பாட்டில்லாமல் பழகுவதே நல்லது.

வெறும் வயிறும் விரதமும்

இரவுத் தூக்கத்தில் கல்லீரலின் சர்க்கரை இருப்புதான் வெகுவாகக் குறைகிறது. தசையில் உள்ளது பெரும்பாலும் அப்படியே இருக்கும். முந்தைய இரவு கேழ்வரகுக் களியும் குழம்பும் வயிறாரச் சாப்பிட்டவர், காலையில் ஏழு நிமிட ஓட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் என்று தேர்வு மணிக்கணக்கில் நீளும்போது வாழைப்பழமோ இரண்டு இட்லியோ கைகொடுக்கும். தேர்வன்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது. ரமலான் நோன்பிருப்பவர்களுக்கு மாலை நெருங்க நெருங்க வேகம் குறையக்கூடும் என்பதால், கடும் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் கவனம்

தருமபுரியில் ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்தால் பல்லில் கறை படியும். மூட்டு இறுகி வலிக்கும். இந்தப் பாதிப்பைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஓடுகிறவர் மற்றவர்களைவிட அதிகம் தண்ணீர் குடிப்பவர். மைதானத்துக்கு வீட்டிலிருந்து ஒகேனக்கல் தண்ணீரையே கொண்டுபோவது நல்லது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மூட்டு இறுக்கம் தொடர்ந்து இருந்தால் பயிற்சியை நிறுத்திவைத்து அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும்.