முகூர்த்தத்துக்கு முன்பு 21 நாள்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களை நெறிப்படுத்தும் 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு)ச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மரபுப்படி நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே அது ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் நடப்பவற்றுக்குத் தாலி மட்டும் போதாது என்றாக்கியது. சிகாமட் மாவட்டத்தில், கெமாஸ்–ஜொகூர் பாரு ரயில் பாதையில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த பெக்கோக்கில் பந்தக்கால் நடும் குடும்பமும் முதலில் எண்ண வேண்டியது தேசியப் பதிவிலாகாவின் நாள் கணக்கைத்தான்.

மணமக்கள் ஒவ்வொருவரும் தாம் குறைந்தது 7 நாள் வசித்த பதிவு மாவட்டத்தில் திருமண அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், மணமகள் பெக்கோக்கிலும் மணமகன் ஜொகூர் பாருவிலும் இருப்பின் இரு இடத்து அலுவலும் சேர்ந்தே நகர வேண்டியிருக்கும். அறிவிப்பு அலுவலகத்தில் பலர் காண ஒட்டப்பட்டு, எவரும் தடை எழுப்பாமல் 21 நாள் கடந்த பின்பே பதிவதிகாரி சான்றிதழ் வழங்குவார். விண்ணப்பமோ ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தவர்கள், சுபகாரியம் இல்லாத ஆடியிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அடையாள அட்டையும் ஜேபிஎன்.கேசி02 என்னும் படிவமும் அடிப்படைத் தேவைகள். மணமுறிவு பெற்றவர் நீதிமன்றத்தின் இறுதி ஆணையையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். 21 வயது நிறையாதவருக்குத் தந்தையின் எழுத்து வழிச் சம்மதம் தேவை. திருமணத்துக்குத் தடையேதும் இல்லை என்று மணமக்கள் சட்டப் பொறுப்புடன் உறுதியளிக்கும் சத்தியப் பிரமாணமும் வேண்டும். தோட்டப்புறக் குடும்பங்களில் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டையில் வேறொன்றுமாகப் பெயர் நிற்பதுண்டு. இதை மாதங்களுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நெருங்கிய உறவுக்குள் மணம் செய்வதைத் தடுக்கும் இதே சட்டம், அக்காள் மகளைத் தாய்மாமன் மணக்கும் இந்து வழக்கத்துக்கு வெளிப்படையாகவே விலக்களித்திருப்பது குறிப்பிடத்தக்கது. கோயில் திருமணத்தையும் அது ஒதுக்கவில்லை: உதவிப் பதிவதிகாரியாக அமைச்சர் நியமித்த கோயில் பொறுப்பாளர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு, சடங்கும் பதிவும் ஒரே மேடையில் நிகழலாம். அந்த நியமனம் பெறாதவர் நடத்தி வைக்கும் மணம் எத்தனை சிறப்பாக அமைந்தாலும் பதிவேட்டில் ஏறாது. விருந்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் பழக்கம் உண்மையிலேயே ஆபத்தானது.

அந்த ஆபத்து பெரும்பாலும் பிள்ளைகள் தலையில் விடிகிறது. முறைப்படியான மணத்துக்கு வெளியே பிறந்ததாகக் கருதப்படும் குழந்தையின் குடியுரிமையைத் தீர்மானிக்கையில், கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, தந்தைக்குரிய இடத்தில் தாயே வைத்துப் பார்க்கப்படுகிறார். தந்தை நீல அடையாள அட்டை உடைய குடிமகனாக இருந்தும், தாய் வெளிநாட்டவராகவோ ஆவணமற்றவராகவோ இருந்தால் குழந்தை நாடற்றதாக நிற்க நேரிடும். மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு குழந்தையின் வழக்கில், பெற்றோர் பிற்பாடு திருமணத்தைப் பதிந்துகொண்டதால் பிறப்பின்போதிருந்த நிலை மாறாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு 4–3 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.